ஆலையை விட்டு ஆட்கள் விலகுவது ஏன்?

திண்டுக்கல்லிலிருந்து கோயமுத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் நூற்பாலை வாயில்களில் அடிக்கடி ஒரு பலகையைக் காண்பர். ‘ஆட்கள் தேவை’ என்று அதில் எழுதியிருக்கும். வெயிலிலும் மழையிலும் எழுத்து மங்கிப் போகும். ஆனால் பலகை இறக்கப்படுவதில்லை. ஆள் கிடைக்காமையால் வைத்த பலகை என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. அப்பலகையைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கூட வருகிறார்கள். வந்தவர்கள் நிற்பதில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுவது போல, ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டும் மறுபக்கம் இழந்துகொண்டும் ஆலைகள் காலம் கழிக்கின்றன.

இது ஆலை முதலாளிகளின் கவலை, பருத்தி விளைவிக்கும் நமக்கும் தறியில் அமரும் நமக்கும் இதில் என்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நமக்கே இதில் முதற் கவலை. விவசாயி விளைவித்த பருத்திக்கும் நெசவாளி நெய்யும் துணிக்கும் இடையே நிற்பது நூற்பாலை. கதிர்களின் அருகே நின்று அறுந்த இழையை ஒட்டும் கை, பழகிய கையாக இருக்கவேண்டும். இரண்டு நாளில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. சில மாதங்களேனும் ஆகும். பழகாத கை ஒட்டிய இடத்தில் நூல் தடிக்கும். சில இடத்தில் மெலியும். அந்தத் தடிப்பும் மெலிவும் சிட்டமாகச் சுற்றப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டு, நம் வீட்டுக்கு வருகின்றன. பாவு ஓட்டும்போது இழை அறுகிறது. தறியில் மீண்டும் அறுகிறது. அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நேரத்திற்கு நெசவாளிக்குக் கூலி கிடையாது. நல்ல நீள இழையுள்ள பருத்தியைப் பாடுபட்டு விளைவித்த விவசாயியின் உழைப்பும் அந்த இடத்திலேயே வீணாகிறது. எங்கோ ஓர் ஆலையில் ஒருவர் வேலையை விட்டுப் போனதன் விலையை, அவரை அறியாத மற்றொருவர் தம் தறியில் அமர்ந்து செலுத்துகிறார்.

ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று மேலாளரைக் கேட்டால் இரண்டு விடைகள் வழக்கமாகக் கிடைக்கும். ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உடல் வணங்குவதில்லை’ என்பது ஒன்று. ‘பக்கத்து ஆலைக்காரர் பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள்’ என்பது மற்றொன்று. முதல் விடை ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையைப் பற்றி எக்காலத்திலும் சொல்லிவருவது. அதை ஆராய வேண்டியதில்லை. இரண்டாவது விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

முதலில் கணக்கைச் சரியாகப் பார்க்கவேண்டும். ஓர் ஆலையில் 300 பேர் வேலை செய்கிறார்கள் என்றும், மாதந்தோறும் 15 பேர் விலகுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டில் 180 பேர். நூற்றுக்கு அறுபது! இதைக் கேட்டதும் பத்துப் பேரில் ஆறு பேர் ஓடிவிட்டார்கள் என்று நிர்வாகம் மலைத்து நிற்கும். ஆனால் அப்படி இருக்கவேண்டுவதில்லை. 240 பேர் பல ஆண்டுகளாக அசையாமல் இருக்க, மீதி 60 இடங்களில் மட்டும் ஆண்டுக்கு மூன்று முறை ஆள் மாறியிருந்தாலும் இதே கணக்குத்தான் வரும். சேர்ந்த சில மாதங்களுக்குள் விலகுவோரே எங்கும் மிகுதி. ஆகவே எத்தனை பேர் போனார்கள் என்பது அரைக் கேள்வி. எந்தப் பிரிவிலிருந்து, எந்த ஷிப்டிலிருந்து, சேர்ந்து எத்தனை மாதத்தில் போனார்கள் என்பதே முழுக் கேள்வி.

இவ்வாறு பிரிவு பிரிவாகப் பார்த்ததால் கண் திறந்த ஓர் ஆலையின் கதை நாம் அறியத்தக்கது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தை அடுத்த ஒரு நூற்பாலை அது. அங்கே மற்றப் பிரிவுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேரே விலகினர். ‘மியூல்’ என்னும் நூற்பு இயந்திரங்கள் இருந்த ஒரு பிரிவில் மட்டும் விலகல் 250 விழுக்காடாக இருந்தது. அதாவது, 40 பேரை வேலையில் நிறுத்தி வைக்க ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கவேண்டியிருந்தது. நிர்வாகம் கெட்ட நிர்வாகமன்று. ஆலைத் தலைவர் தொழிலாளரின் மதிப்பைப் பெற்றவர். அதிக உற்பத்திக்கு ஊக்கப் பணம் தருவதாக அறிவித்துப் பார்த்தார்கள். ஒருவரும் அதை ஈட்டியதில்லை. கடைசியில் 1923-ஆம் ஆண்டு எல்டன் மேயோ என்னும் அறிஞரை அழைத்தார்கள்.

அவர் கண்டது மிக எளிய விஷயம். சுமார் 30 கஜ நீளமுள்ள சந்தில், இரு பக்கமும் இயந்திரம் ஓட, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு ஒரு மனிதர் நாள் முழுவதும் தனியாக நடந்துகொண்டிருந்தார். காலில் வலி. இயந்திர ஓசையில் பேச்சுத் துணை இல்லை. மனம் ஒரே துயர நினைவைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாலையில் வீட்டுக்குப் போனால் யாரிடமும் பேசவும் தோன்றாத களைப்பு. மேயோ காலையில் இரு முறையும் மாலையில் இரு முறையும் பத்துப் பத்து நிமிடம் படுத்து இளைப்பாறும்படி ஏற்பாடு செய்தார். சில மாதங்களில் உற்பத்தி உயர்ந்தது. ஒருவரும் தொடாத ஊக்கப் பணத்தைத் தொழிலாளர் பெற்றனர்.

இதற்குப் பின் நடந்ததே முக்கியமானது. அவசர வேலை வந்தது என்று ஒரு மேற்பார்வையாளர் இளைப்பாறும் நேரத்தை நிறுத்திவிட்டார். உற்பத்தி பழைய நிலைக்கே சரிந்தது. ஆலைத் தலைவர் நேரில் வந்து, நாளுக்கு நான்கு முறை அந்தப் பிரிவு முழுவதையும் பத்து நிமிடம் நிறுத்தும்படி உத்தரவிட்டார். பின்னர், யார் எப்போது இளைப்பாறுவது என்பதை அந்தந்தச் சந்தில் வேலை செய்வோரே தம்முள் கலந்து முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தனித்தனியே நடந்துகொண்டிருந்தவர்கள் நாள்தோறும் ஒருவரோடு ஒருவர் யோசனை கலந்தார்கள். அப்பிரிவின் விலகல் மற்றப் பிரிவுகளின் அளவுக்கே இறங்கிவிட்டது. இளைப்பாறுதல் மட்டும் இதைச் செய்யவில்லை என்பதையும், தம் வேலையைப் பற்றித் தாமே கூடி முடிவு செய்யும் உரிமைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதையும் மேயோ பிற்காலத்தில்தான் உணர்ந்து எழுதினார்.

ஏர் உழும் மாட்டை உச்சி வெயிலில் அவிழ்த்து நிழலில் கட்டுகிறோம். விவசாயி எவருக்கும் இதைப் புத்தகம் வைத்துக் கற்பிக்கவேண்டியதில்லை. மனிதருக்கு அதைச் செய்ய ஓர் ஆலைக்கு ஆராய்ச்சி தேவைப்பட்டது! நம் நாட்டு ஆலைகளில் இன்று ஓடுவது மியூல் அன்று. ஆனால் கதிர்களின் ஓரமாக ஒரு ஷிப்டில் பல மைல் நடக்கும் பெண்ணின் கால்வலி அதேதான். நூல் அறாமல் இருக்கக் கூடத்தில் காற்றை ஈரமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஈரப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. வார விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுவது பஞ்சாலை நோயின் நன்கு அறியப்பட்ட அடையாளம். இரவு ஷிப்ட் முடித்துத் தகரக் கூரையின் கீழ் பகலில் உறங்க முயல்வோரின் துன்பத்தைச் சொல்லவே வேண்டாம். இவையெல்லாம் விலகுவோர் அறிந்தவை. விலகுவோரிடம் யாரும் கேட்காதவை.

கூலியை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஹென்றி போர்டின் ஹைலண்ட் பார்க் மோட்டார் தொழிற்சாலையில், 1913-ஆம் ஆண்டு ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000-க்கும் அதிகமானவர்களைச் சேர்க்கவேண்டியிருந்தது. நகரும் வரிசையில் ஒரே ஒரு திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலை அந்த ஆண்டில்தான் அங்கே வந்தது. 1914 ஜனவரி 5-ஆம் நாள், ஒன்பது மணி நேரத்திற்குச் சுமார் இரண்டேகால் டாலராக இருந்த கூலியை, எட்டு மணி நேரத்திற்கு ஐந்து டாலர் என்று போர்டு அறிவித்தார். 370 விழுக்காடாக இருந்த விலகல் 1914-இல் 54 ஆகவும், 1915-இல் 16 ஆகவும் குறைந்தது. எனவே கூலி ஒரு பொருட்டல்ல என்று எவரேனும் உபதேசம் செய்தால் அதை நம்பவேண்டாம். வயிற்றுக்குப் போதாத கூலியை வைத்துக்கொண்டு அன்பு மொழி பேசுவதும் ஒருவகை ஏமாற்றே.

ஆனால் அங்கேயும் மாறியது கூலி மட்டுமன்று. வேலை நேரம் ஒரு மணி குறைந்தது. முந்திய அக்டோபரிலேயே, நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்றும் அதிகாரம் மேஸ்திரிகளிடமிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஐந்து டாலருக்கு மறுபக்கமும் இருந்தது. அதன் ஒரு பாகம் இலாபப் பங்கு என்று பெயர் பெற்றது. அதைப் பெறத் தகுதியுடையவரா என்று பார்க்கக் கம்பெனியின் ஆட்கள் தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்று, குடிப்பழக்கம் உண்டா, பணம் சேமிக்கிறாரா என்று விசாரித்தனர். கூலியைக் கொடுத்து வாழ்க்கையையே வாங்க நினைக்கும் போக்கு அது. அதை நாம் பின்பற்றவேண்டுவதில்லை.

என் வீட்டுக்கு அருகே ஒரு நெசவாளியின் மகன் இருக்கிறார். தறியை விட்டு ஓர் ஆலைக்குச் சென்றார். எட்டு மாதத்தில் அதையும் விட்டுத் திரும்பினார். “ஏன் தம்பி, கூலி போதவில்லையா?” என்று கேட்டேன். “கூலிக்குக் குறைவில்லை ஐயா. தங்கை கலியாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டேன். போனால் வராதே என்றார்கள். போனேன், வரவில்லை” என்றார். பத்து நாள் கழித்து வேறோர் ஆலையில் அதே வேலைக்கு அதே கூலியில் சேர்ந்துவிட்டார். நான்கு நாளைக் கொடுக்க மறுத்த ஆலை எட்டு மாதப் பழக்கமுள்ள ஒரு கையை இழந்தது. அந்த இடத்தில் மற்றொருவருக்கு முதலிலிருந்து கற்பிக்கவேண்டும். விதைப்பும் அறுவடையும், பொங்கலும், குலதெய்வத்துக் கொடையும், பிரசவமும் கலியாணமும் கிராமத்துக் குடும்பங்களுக்கு எந்த மாதத்தில் வரும் என்பது யாவரும் அறிந்ததே. முன்கூட்டியே முறை வகுத்து விடுப்புக் கொடுத்தால் போனவர் திரும்புவார். முறை வகுக்காத இடத்தில் விடுப்புக் கேட்டவரெல்லாம் விலகியவர் ஆகிறார். பழி மட்டும் ‘இக்காலத்துப் பிள்ளைகள்’ மேல் விழுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆட்கள் விலகவில்லை என்பதே நல்ல ஆலைக்கு அடையாளம் ஆகிவிடாது. நம் மேற்கு மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்த ஆலைகள் பல இருந்தன. மூன்றாண்டு முடிந்தால் கலியாணத்துக்கு உதவும்படி ஒரு மொத்தத் தொகை என்பது ஒப்பந்தம். இடையில் போனால் அத்தொகை கைக்கு வராத நிலை பலருக்கு ஏற்பட்டது. விடுதியை விட்டு வெளியே செல்லவும் கட்டுப்பாடு இருந்தது. அத்தகைய இடத்தில் விலகல் கணக்கு குறைவாக இருந்தால் அதில் மகிழ என்ன இருக்கிறது? பூட்டிய கதவுக்குள் இருப்பவர் விரும்பி இருக்கிறார் என்று சொல்லமுடியாது. விருப்பமில்லாத வேலையை விட்டுச் செல்வது மனிதரின் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தைப் பறிக்காமலே அவர் தங்க விரும்பும்படி செய்வதுதான் நிர்வாகத்தின் திறமை.

இதுவரை சொன்னவற்றைத் திரட்டிப் பார்த்தால் என் அபிப்பிராயம் இதுவே: கூலி ஆட்களைக் கொண்டுவருகிறது, தம் வேலையைப் பற்றித் தாம் அறிந்ததைச் சொல்லவும், சொன்னது கேட்கப்படவும் இடமிருந்தால்தான் அவர்கள் தங்குகிறார்கள். சொல்ல இடமில்லாதவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. அதைக் கால்களால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

‘நம்முடையது கூட்டுறவு, இங்கே முதலாளி இல்லை, ஆகவே இந்தக் குறை நமக்கு வராது’ என்று எண்ணி இருந்துவிடலாகாது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய சங்கத்தை நம் இயக்கத்தின் ஊற்றுக்கண் என்று போற்றுகிறோம். அந்த முன்னோடிகளே 1854-இல் நூற்பும் நெசவும் செய்யும் உற்பத்திச் சங்கம் ஒன்றையும் தொடங்கினர். இலாபத்தில் மூலதனத்துக்குப் பங்கு தருவதைப் போலவே உழைப்புக்கும் பங்கு தருவது என்பது அதன் விதி. சங்கம் வளர்ந்தது, பெரிய ஆலை கட்டப்பட்டது, வெளியிலிருந்து பங்குதாரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1862-இல் உழைப்புக்கு உரிய பங்கை ஓட்டெடுத்து நீக்கிவிட்டார்கள். பகைவர் யாரும் வந்து கெடுக்கவில்லை. அங்கத்தினரின் கையே அதைச் செய்தது. பங்கு வைத்திருப்போர் ஒருபுறமும் பாடுபடுவோர் மறுபுறமும் பிரிந்துவிட்டால், கூட்டுறவு என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் சங்கங்களிலும் சாயப் பட்டறையில் நிற்போரும், பாவு ஓட்டுவோரும், கிடங்கில் சுமை தூக்குவோரும், எங்கேனும் சங்கத்துக்குச் சொந்தமான ஆலை இருந்தால் அங்கே கதிர் பார்ப்போரும் இருக்கிறார்கள். மகாசபையில் நூல் விலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். சென்ற ஆண்டில் இவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று எந்த மகாசபையிலாவது ஒருவர் எழுந்து கேட்டதுண்டா?

ஆகவே சில காரியங்களை அங்கத்தினர் முன் வைக்கிறேன். ஒவ்வொரு சங்கமும் விலகற் பதிவேடு ஒன்று வைக்கட்டும். பிரிவு, ஷிப்ட், வேலை செய்த மாதங்கள், சொன்ன காரணம் ஆகிய நான்கு பத்திகள் போதும். வரவு செலவுக் கணக்கோடு அதையும் மகாசபையில் படிக்கட்டும். இரண்டாவதாக, போகிறவருக்குச் சேரவேண்டிய பாக்கியை முழுதும் கொடுத்த பிறகு, அவருடைய மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் காரணத்தைக் கேட்கட்டும். பாக்கி நிற்கும்போது உண்மை வராது. மூன்றாவதாக, இளைப்பாறும் நேரம், ஷிப்ட் மாற்றம், விடுப்பு முறை ஆகியவற்றை அந்தந்தப் பிரிவில் உள்ளோரே கூடி வகுத்துக்கொள்ள விடட்டும். நான்காவதாக, சட்டமும் துணைவிதியும் இடம் தரும் அளவுக்கு, உழைப்போரின் குரல் நிர்வாகக் குழுவின் காதில் நேரே விழுவதற்கு வழி செய்யட்டும். இவற்றில் முதல் மூன்றுக்கும் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. பதிவேட்டின் விலையும் நாளுக்குச் சில நிமிடங்களும், கேட்கும் மனமும் போதும்.

இதைச் செய்தால் ஒருவரும் போகமாட்டார்கள் என்று நான் வாக்களிக்கவில்லை. படித்துப் பெரிய வேலைக்குப் போவார்கள். கலியாணமாகி வேறு ஊர் செல்வார்கள். சொந்தத் தறி போட விரும்புவார்கள். அவர்களை வாழ்த்தி அனுப்புவோம். ஆனால் நான்கு நாள் விடுப்புக்காகவும், பத்து நிமிட ஓய்வுக்காகவும், ஒரு மேஸ்திரியின் கடுஞ்சொல்லுக்காகவும் பழகிய கை ஒன்று நம்மை விட்டுப் போகுமானால், அந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் தெரியாவிட்டாலும் அடுத்த மாதம் நம் பாவில் தெரியும். அடுத்த முறை தறியில் இழை அறும்போது நூலைப் பழிப்பதற்கு முன், அதை ஒட்டிய கை யாருடையது, அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வரும் மகாசபையில் அதையே கேளுங்கள்.